துண்டுக்கு அடியில் ஒரு விலை

வானத்தை நம்பி ஓர் ஊர் இருந்தது. ஊரை நம்பி ஒரு சந்தை இருந்தது. சந்தையை நம்பி ஒரு ராஜா இருந்தார். அந்த ராஜாவின் பெயர் உங்களுக்கு வேண்டாம். அவருக்கு இந்தக் கதையில் வேலை இல்லை. வேலை இருப்பது அவருக்கு முன்னால் ஆண்டு செத்துப்போன இன்னொரு ராஜாவுக்கு. அவரும் ஒரு செப்புக் காசின் முதுகில்தான் வருவார்.

ஊரின் பெயர் மேட்டுப்புஞ்சை. அங்கே ஆறு கிடையாது, கால்வாய் கிடையாது. ஐப்பசியில் மழை விழுந்தால் விதைப்பார்கள். விழாவிட்டால் வானத்தைத் திட்டுவார்கள். அதனால் அந்த ஊரில் பொன்னைவிடப் பெரியது விதைநெல். முற்றிய மணியாகப் பார்த்து எடுத்து, வைக்கோல் புரி சுற்றி, சாணி மெழுகி, உருண்டையாகக் கட்டிப் பரணில் ஏற்றிவிடுவார்கள். அதற்கு விதைக்கோட்டை என்று பெயர்.

பசித்தாலும் அதைத் தொடமாட்டார்கள். பிள்ளை அழுதாலும் தொடமாட்டார்கள். உயிரே போனாலும் தொடமாட்டார்கள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். நடந்ததைக் கேளுங்கள்.

அந்த ஊர்ச் சந்தையில் ஒரு வழக்கம் உண்டு. வாயால் விலை பேசமாட்டார்கள். விற்பவனும் வாங்குபவனும் கையைக் கோத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொள்வார்கள். உள்ளே விரல்தான் பேசும். ஒரு முழு விரலைப் பிடித்தால் ஒரு கோட்டை நெல். விரல் நுனியை மட்டும் கிள்ளினால் ஒரே ஒரு மரக்கால்; இருபத்தொரு மரக்கால் சேர்ந்தால்தான் ஒரு கோட்டை. துண்டுக்கு அடியில் பேசிய விலையைத் துண்டுக்கு வெளியே சொல்லக்கூடாது. சொன்னவனுக்குச் சந்தையில் இடமில்லை.

நல்ல வழக்கம்தான். கஷ்டத்தில் மாட்டை அடிமாட்டு விலைக்கு விற்பவன் நாலு பேர் முன்னால் தலைகுனிய வேண்டாம் என்று யாரோ ஒரு நல்ல மனுஷன் கொண்டுவந்தது. ஆனால் இல்லாதவன் மானத்தை மூடிய துண்டு, இருப்பவன் திருட்டையும் மூடும் அல்லவா?

ஒரு வருஷம், ஆவணி முடிகிற நேரத்தில், கனகசபை என்ற காசு வியாபாரி அந்தச் சந்தைக்கு வந்தான். மாடு கொண்டுவரவில்லை, மண்பானை கொண்டுவரவில்லை, ஒரு பித்தளைச் சம்புடம் மட்டும் கொண்டுவந்தான். அதற்குள் பழைய செப்புக் காசுகள். ஒவ்வொன்றையும் பட்டுத் துணியில் சுற்றி, அரக்கு வைத்து, தன் முத்திரையைக் குத்தியிருந்தான்.

"மூணே மாசம் ஆண்ட ராஜா அடிச்ச காசு அண்ணாச்சி. உலகத்துக்கே நூறுதான் இருக்கு. அரக்கை உடைக்காதீங்க, காத்துப் பட்டா மதிப்புப் போச்சு. யாருக்கும் காட்டாதீங்க, கண்ணு பட்டாலும் போச்சு" என்பான். குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொல்வான். "வேண்டாம்னு தோணுனா எப்ப வேணாலும் கொண்டாங்க. குடுத்ததுக்கு மேலேயே போட்டு நானே எடுத்துக்கிடுதேன்."

அவனிடம் ஒரு வித்தையும் இருந்தது. ஒரே நேரத்தில் இரண்டு பேரிடம் விலை பேசுவான். வலது கைக்கு ஒரு துண்டு, இடது கைக்கு ஒரு துண்டு. அதைப் பார்க்கவே கூட்டம் கூடும். இத்தனை பேர் நிற்கிற இடத்தில் சரக்கு மோசமாகவா இருக்கும் என்று கூட்டத்தைப் பார்த்து இன்னும் கூட்டம் கூடும்.

மேட்டுப்புஞ்சையில் கொம்பையா என்று உழுது பிழைக்கிற ஒரு சம்சாரி. மனைவி பூவாயி. பிள்ளைகள் இரண்டு, வயல் கொஞ்சம், பரணில் மூன்று விதைக்கோட்டை. அவ்வளவுதான் சொத்து.

முதல் சந்தையில் கொம்பையா அந்தக் காசைப் பார்த்துச் சிரித்தான். அன்றைக்கு அதன் விலை ஒரு விரல் என்று காற்றோடு ஒரு பேச்சு இருந்தது. இரண்டாம் சந்தையில் சிரிக்கவில்லை, நின்று கேட்டான். விலை இரண்டு விரல் ஆகியிருந்தது. மூன்றாம் சந்தையில் மூன்று விரல். 'அன்றைக்கே வாங்கியிருந்தால்!' என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அடுத்த வாரம் நாலு விரல் ஆகிவிட்டால்? ஐந்து ஆகிவிட்டால்? நம்மைத் தவிர எல்லாரும் பணக்காரர் ஆகிவிட்டால்?

இந்த மூன்றாவது கேள்விதான் மனுஷனைக் கொல்கிற கேள்வி. கொம்பையா துண்டுக்குள் கையை விட்டான்.

பூவாயி விறகு பொறுக்கப் போன நேரம் பார்த்து மூன்று கோட்டையையும் இறக்கிக் கனகசபையிடம் கொடுத்தான். வெறும் பரணை அவளால் பார்க்க முடியாதே! களத்து மூலையில் கிடந்த பதரை அள்ளி, வைக்கோல் சுற்றி, சாணி மெழுகி, மூன்று பொய்க்கோட்டை கட்டிப் பரணில் வைத்தான். ஒரு கைக்குள் அடங்குகிற காசு அவன் மடியில் இருந்தது. விலை ஏறும், விற்போம், மூன்றுக்கு ஆறாக வாங்கி வைப்போம் என்று கணக்குப் போட்டான்.

பிறகு மழைக்குறி தெரிய ஆரம்பித்தது.

எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறியது. தும்பி தாழப் பறந்தது. தெற்கே மின்னல் வெட்டியது. மற்ற வருஷமாக இருந்தால் கொம்பையா மண்வெட்டிக்குக் காம்பு போட்டுக்கொண்டு பாடியிருப்பான். இப்போது ஒவ்வொரு குறிக்கும் பரணைத்தான் அண்ணாந்து பார்த்தான். உலகத்திலேயே மழையைக் கண்டு பயந்த முதல் சம்சாரி தான்தான் என்று நினைத்தான். "சாமி, இன்னும் ஒரு வாரம் பெய்யாதே" என்று வேண்டிக்கொண்டான். அப்படி வேண்டிய வாயை நினைத்து அவனுக்கே கூசியது.

நாலாம் சந்தைக்கு ஓடினான். காசை எடுத்துக் கனகசபையிடம் நீட்டினான். "நானே எடுத்துக்கிடுதேன்னு சொன்னீங்களே!"

"அதுக்கென்ன அண்ணாச்சி, கையைக் கொண்டாங்க" என்று கனகசபை துண்டைப் போட்டான். உள்ளே கொம்பையாவின் ஆள்காட்டி விரல் நுனியைக் கிள்ளினான். ஒரு மரக்கால்! மூன்று கோட்டை கொடுத்து வாங்கிய காசுக்கு ஒரு மரக்கால்! ஆனால் துண்டுக்கு வெளியே கனகசபையின் முகம் வாயெல்லாம் பல்லாக இருந்தது. அதைப் பார்த்தவர்கள், 'கொம்பையாவுக்கு யோகம்' என்று ஏக்கத்தோடு சொன்னார்கள். கொம்பையாவும் அவமானத்தை விழுங்கிக்கொண்டு, காசைத் திரும்ப மடியில் செருகிக்கொண்டு சிரித்து வைத்தான். அந்தச் சிரிப்பை நம்பி அன்றைக்கு இன்னும் இரண்டு பேர் காசு வாங்கினார்கள்.

வீட்டில் பூவாயி, மழை வருகிறதே, விதையை ஒருநாள் வெயிலில் காட்டலாம் என்று பரணில் ஏறியிருந்தாள். முதல் கோட்டையைத் தூக்கினாள். கனக்கவில்லை. இரண்டாவதைத் தூக்கினாள். கனக்கவில்லை. மூன்றாவதைத் தூக்கவில்லை. அதன்மேல் கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

கொம்பையா வாசலில் கால் வைத்தபோது அவள் திட்டவில்லை. "பிள்ளைகளுக்குத் தை மாசம் எதைப் போடப்போறீக?" என்றுதான் கேட்டாள். அவன் நடுவீட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினான். மூன்று விரலையும் சொன்னான், விரல் நுனியையும் சொன்னான். துண்டு வழக்கத்தை அவன் மீறியது அதுதான் முதல் தடவை.

அழுது முடித்த பிறகு பூவாயி யோசித்தாள். அப்போது இடி இடித்தது. மேட்டுப்புஞ்சையில் முதல் இடி விழுந்தால் ஊரே தெருவுக்கு வந்து குலவை போடும். அன்றைக்கு ஒரு குலவையும் கேட்கவில்லை. அவள் வாசலுக்குப் போய்ப் பார்த்தாள். எதிர்வீட்டுக்காரன் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். பக்கத்து வீட்டுக்காரன் வானத்தைப் பார்க்காமல் கதவைச் சாத்தினான்.

"என்னங்க, நீங்க மட்டும் இல்ல. இந்தத் தெருவுல பாதிப் பரண்ல பதருதான் இருக்கு" என்றாள். "நம்மள ஏமாத்துனது காசு இல்லங்க, துண்டு. ஒருத்தன் வாங்குன விலையும் வித்த விலையும் இன்னொருத்தனுக்குத் தெரியாம மூடி வச்சிருக்கே, அதை எடுக்கணும்."

"எடுத்தா சந்தைக்குள்ள விடமாட்டாக புள்ள!"

"வெறும் பரணை வச்சுக்கிட்டுச் சந்தைக்குப் போயி எதை விக்கப்போறோம்?"

ஐந்தாம் சந்தை கூடியபோது பகலிலேயே வானம் இருண்டிருந்தது. கனகசபை அவசரத்தில் இருந்தான். வாங்கிய விதைநெல்லையெல்லாம் சந்தைக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் குவித்திருந்தான். மழை விழுந்ததும் விதையில்லாமல் தவிக்கிற ஊர்களுக்கு அதையே இரண்டு மடங்குக்கு விற்பது அவன் யோசனை. கெட்டிக்காரன்தான், இல்லை என்று சொல்லவில்லை. அதற்கு முன்னால் இன்னும் நாலு காசு தள்ளிவிடலாம் என்று இரண்டு துண்டையும் விரித்து உட்கார்ந்தான்.

வலது பக்கம் பக்கத்து ஊர்க்காரன் ஒருவன் காசு வாங்கக் கை நீட்டினான். இடது பக்கம் கொம்பையா காசு விற்கக் கை நீட்டினான். இரண்டு துண்டும் அசைந்தன.

பின்னால் நின்ற பூவாயி ஒரு நொடி கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு இரண்டு துண்டையும் ஒரே இழுப்பில் உருவினாள்.

சந்தை அப்படியே நின்றது. பிறந்தது முதல் யாரும் பார்க்காததை எல்லாரும் பார்த்தார்கள். கனகசபையின் வலது கை, வாங்குபவனின் ஐந்து விரலையும் இறுக்கிப் பிடித்திருந்தது. அவன் இடது கை, விற்பவனின் ஒரு விரல் நுனியைக் கிள்ளிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கத்திலும் அதே காசு, அதே பட்டு, அதே அரக்கு.

"துண்டைத் தொட்டுட்டா! ஒரு பொம்பளை துண்டைத் தொட்டுட்டா!" என்று கனகசபை கத்தினான். சந்தை மணியக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். நியாயம் தெரிந்தவர், ஆனால் வழக்கத்தை விடாதவர். "அம்மா, இதுக்குத் தண்டனை தெரியும்ல?" என்றார்.

"தெரியும் ஐயா. எனக்கு உள்ளதைக் குடுங்க, வாங்கிக்கிடுதேன். அதுக்கு முந்தி இவரு ரெண்டு கையில எந்தக் கை நெசம்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க" என்றாள் பூவாயி.

"விக்கிற விலை வேற, வாங்குற விலை வேற. வியாபாரம்னா லாபம் இல்லாமலா?" என்றான் கனகசபை.

மணியக்காரர் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். "இவன் வேற யாரையாவது இப்படிச் செஞ்சிருக்கானா?" என்று கேட்டார். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. தன் முட்டாள்தனத்தைச் சந்தையில் வைத்து எவன் சொல்வான்? மேகம் இன்னும் இறங்கியது. பூவாயி புருஷனைப் பார்த்தாள். இப்போது அவன் பேசாவிட்டால் தண்டனை அவளுக்கு, பட்டினி பிள்ளைகளுக்கு.

கொம்பையா எழுந்தான். "நான் மூணு கோட்டை விதைநெல்லு குடுத்தேன். எம் பொஞ்சாதிக்குத் தெரியாம இருக்கப் பதரைக் கட்டிப் பரண்ல வச்சேன்" என்றான். சொல்லிவிட்டு அழுதான்.

"நானும்" என்றது ஒரு குரல். "நானும்" என்றது இன்னொரு குரல். "நானுந்தான்" என்று எதிர்வீட்டுக்காரன் மடியை அவிழ்த்தான். பூவாயி தரையில் விரித்த துண்டின்மேல் காசுகள் வந்து விழுந்தன. உலகத்துக்கே நூறு என்று சொன்ன காசை எண்ணத் தொடங்கிய மணியக்காரர், நூறு தாண்டியதும் எண்ணுவதை நிறுத்திவிட்டார்.

"கனகசபை, ஒண்ணைச் சொல்லு" என்றார். "வலது கை விலைதான் நெசம்னா, இங்க கிடக்கிற காசு அத்தனையையும் அஞ்சு விரலுக்கு நீ எடுத்துக்கோ. இடது கை விலைதான் நெசம்னா, ஒரு காசுக்கு ஒரு மரக்கால் வச்சுக்கிட்டு மிச்ச நெல்லைத் திருப்பிக் குடு. எது உன் கை?"

கனகசபை வலது கையைப் பார்த்தான். இடது கையைப் பார்த்தான். கொட்டகையைப் பார்த்தான். பிறகு தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு இடது கையை உயர்த்தினான்.

கொட்டகையைத் திறந்தபோது முதல் துளி விழுந்தது. சனங்கள் ஓடினார்கள். நெல் நனையாமல் இருக்க அத்தனை பேரும் தோளில் கிடந்த துண்டை எடுத்து மூட்டைமேல் போர்த்தினார்கள். அந்தத் துண்டுகள் அவ்வளவு நல்ல வேலையை அதற்கு முன்னால் செய்ததில்லை. பூவாயியைத் தண்டிக்க வேண்டிய மணியக்காரரும் தன் துண்டைக் கொடுத்துவிட்டு வெறும் தோளோடு நனைந்துகொண்டு நின்றார். அவர் தண்டனையைப் பற்றி அப்புறம் பேசவே இல்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். இடத்தை மிச்சம் பிடிக்கக் கனகசபை கோட்டைகளை அவிழ்த்து எல்லா நெல்லையும் ஒன்றாகக் குவித்திருந்தான். சிவப்பு நெல்லும் வெள்ளை நெல்லும், சீக்கிரம் விளைவதும் தாமதமாக விளைவதும் கலந்துபோயிருந்தன. எந்த விதை யாருடையது என்று தெரியவில்லை. அப்படியே அள்ளிக்கொண்டுபோய் விதைத்தார்கள். அந்த வருஷம் மேட்டுப்புஞ்சையில் ஒரு வயலும் ஒன்றுபோல விளையவில்லை. ஒரு கதிர் முற்றி உதிர்ந்தபோது பக்கத்துக் கதிர் பச்சையாக நின்றது. பாதி வீணானது, பாதி வீடு வந்தது. பிள்ளைகள் அரைவயிறு சாப்பிட்டார்கள், ஆனால் சாப்பிட்டார்கள்.

அறுக்கும்போது ஒவ்வொரு கதிராகப் பார்த்துப் பார்த்து அறுத்த கொம்பையா, வரப்பில் நின்ற பூவாயியிடம் போனான். முற்றிய மணியாக ஒரு கைப்பிடி எடுத்து அவள் கையில் வைத்தான். அவள் அதை எடை பார்ப்பதுபோலத் தூக்கிப் பார்த்தாள். கனத்தது.

அதற்குப் பிறகு அந்தச் சந்தையில் மாட்டுக்கு மட்டும் துண்டு போட்டார்கள். மற்ற எல்லாவற்றுக்கும் விலையை வாய்விட்டுச் சொன்னார்கள். பெரியவர்களே, பிள்ளைகளே, மேட்டுப்புஞ்சைக்காரர்கள் அரைவயிற்றோடு கற்றதை நீங்கள் முழுவயிற்றோடு கேட்டுக்கொள்ளுங்கள்:

விற்கிறவன் சொல்லுகிற விலை ஒரு பொருளின் விலை அல்ல. அதையே அவனிடம் திருப்பிக் கொண்டுபோனால் அவன் தருகிற விலைதான் அதன் விலை.