குற்றம் சாட்டப்பட்டவரின் நண்பர்

ராணுவக் கோர்ட்டில் காலமெல்லாம் வாதாடிவிட்டு ஊர் திரும்பிய மேஜர் ஞானசிகாமணிக்கு எம்.எல்.ஏ. ஆக ஆசை. போன தேர்தலில் டெபாசிட் போயிற்று. இந்த முறையும் போனால் கட்சி அவரை வாசலோடு அனுப்பிவிடும். ஆகவே, நின்றபோதெல்லாம் ஜெயித்த பச்சையம்மாளிடம் அரசியல் கற்கச் சேர்ந்தார்.

பச்சையம்மாள் நடத்திய பாடம் ஒன்றுதான். “கூட நடங்க.”

நடந்தார்கள். ஒரு வீட்டுக் கதவு திறந்தது.

“குழாய்ல தண்ணி வரலைங்க,” என்றாள் அந்த வீட்டுப் பெண்.

மேஜர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். “எந்தத் தேதியிலிருந்து?”

“அது ஆச்சுங்க, ரொம்ப நாளா.”

“ரொம்ப நாள் என்பது தேதி அல்ல. நேரில் பார்த்த சாட்சி உண்டா?”

“வராத தண்ணிய யாருங்க பார்ப்பாங்க?”

கதவு சாத்திக்கொண்டது.

“நான் கேட்டதில் என்ன தப்பு அக்கா? உண்மை தெரியாமல் எப்படி உதவுவது?”

பச்சையம்மாள் முன்னால் நடந்தார்.

தெருமுனையில் மேஜர் ஒரு மதகுச் சுவரில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். “குதிகாலில் கொப்புளம் அக்கா. தாங்க முடியவில்லை.”

பச்சையம்மாள் கைகளைப் பின்னால் கட்டினார். தாடையை உயர்த்தினார். இல்லாத மீசையை ஒரு தடவு தடவினார். வந்தது அச்சு அசல் மேஜர் குரல்.

“எந்தத் தேதியிலிருந்து? நேரில் பார்த்த சாட்சி உண்டா?”

மேஜர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுபோயிற்று.

“நான் இப்படிப்பட்ட ஆள் இல்லை அக்கா. மாட்டிக்கொண்ட சிப்பாய்கள் என்னைத்தான் தேடி வருவார்கள். அவர்கள் பக்கம் நிற்பவருக்கு அங்கே பெயரே ‘குற்றம் சாட்டப்பட்டவரின் நண்பர்’.”

“நல்ல பேரா இருக்கே. அந்தப் புள்ளைங்க வந்து நின்னதும் என்ன கேப்பீங்க?”

“ஒன்றும் கேட்கமாட்டேன். பயந்துபோய் வந்திருப்பான். உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுப்பேன். அவனே சொல்லுவான்.”

பச்சையம்மாள் தன் ரப்பர் செருப்பைக் கழற்றி அவர் பக்கம் தள்ளினார்.

“போட்டுக்கங்க.”

“எனக்குப் பத்தாதே அக்கா.”

“பாதிக் கால் நுழைஞ்சாப் போதும். அந்த வீடு வரைக்கும்தான்.”

“மறுபடியுமா? அந்தம்மா என்னை உள்ளே விடுவார்களா?”

“அவங்க பாவம், ஒரு குத்தமும் பண்ணல மேஜரே. பண்ணியிருந்தா இந்நேரம் நீங்க நண்பராகியிருப்பீங்க.”