உதைபட ஒரு கால்

கிணற்றுக்குள்ளிருந்து எடுத்த குருமடத்துத் தோட்டக்காரர் சந்தியாகுவின் உடல் கிணற்றடியில் கிடந்தது. தானே குதித்துச் செத்தான் என்றார் கிரேக்கம் கற்பிக்கும் அதிபர். தற்கொலை என்று முடிவானால் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது. விசாரிக்க ஆயர் வந்தார்.

“உதைபட்டுத்தான் உள்ளே விழுந்தார் ஆண்டவரே,” என்று ஆயரிடம் சொன்னாள் மனைவி சவேரியாயி.

அதிபர் சிரித்தார். “கிரேக்கத்தில் சில வினைச்சொற்கள் உண்டு. பார்த்தால் செயப்பாட்டுவினை, பொருளோ செய்வினை. தமிழில் ‘ஆசைப்பட்டான்’ இல்லையா? ஆசை அவனுடையதுதானே. ‘உதைபட்டான்’ என்பதும் அந்த வகைதான், ஆயரே.”

“ஆசைப்பட ஒருத்தர் போதும் சாமி,” என்றாள் சவேரியாயி. “உதைபட இன்னொருத்தர் காலும் வேணுமே.”

அதிபர் தன் பூட்ஸ் காலை அங்கிக்குள் இழுத்துக்கொண்டார். ஆயர் அதைப் பார்த்துவிட்டார்.

“கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டச் சொல்லுங்கள்,” என்றார் ஆயர். “அதிபர் என்னோடு வரட்டும்.”