பேசும் விறகும் எட்டாம் மாசப் பிள்ளையும்

மலைகளெல்லாம் இன்னும் ஒரு முழம் உயரமாக இருந்த காலத்திலே, முகில்வாசல் என்று ஒரு ராஜ்யம் இருந்தது. அங்கே ஐப்பசி பிறந்தால் மழை, மழை விட்டால் பனி. தை பிறக்கிற வரைக்கும் வெயில் எட்டிக்கூடப் பார்க்காது. அதனால் புரட்டாசி வந்துவிட்டால் ஊரே விறகுச் சந்தையில்தான் கிடக்கும்.

அந்த ஊர்ப் பரிசல்காரன் பெண்டாட்டி கோமு. அவளுக்கு எட்டாம் மாசமே ஒரு பெண் குழந்தை பிறந்துவிட்டது. உள்ளங்கையை விரித்தால் அதிலேயே படுத்துக்கொள்ளும், அவ்வளவு சின்னது. மருத்துவச்சி வந்து பார்த்தாள்.

"கோமு, தை பிறக்கிற வரைக்கும் இந்த வீட்டிலே அடுப்பு அணையக்கூடாது. அணைஞ்சா பிள்ளை தங்காது" என்று பட்டென்று சொல்லிவிட்டுப் போனாள்.

கோமு விடுவாளா? சந்தைக்குப் போனாள். ரெண்டு விறகை எடுத்து ஒன்றோடொன்று தட்டினாள். காய்ந்த விறகு 'ணங்' என்னும், ஈர விறகு 'பொத்' என்னும். 'பொத்' என்றதை எல்லாம் தள்ளி வைத்தாள்.

"ஏம்மா, விறகு வாங்க வந்தியா, மேளம் அடிக்க வந்தியா?" என்றான் வண்டிக்காரன்.

"என் பிள்ளைக்குப் புகை ஆகாதுய்யா. தட்டித்தான் எடுப்பேன்."

வீட்டுக்குக் கொண்டுவந்து, அடுக்கும்போதும் ஒரு தட்டு தட்டினாள். ஒரு வேலங்கட்டை, "வலிக்குது தாயி" என்றது.

"யாரது?"

"கையிலே வெச்சுக்கிட்டே யாருன்னு கேக்கிறியே. நான் மருதப்பன். விறகு வியாபாரியா இருந்தவன். ஈரக்கட்டையை அடியிலே போட்டு, காய்ஞ்சதை மேலே பரப்பி விப்பேன். ஒரு மந்திரவாதி வீட்டுக்கும் அப்படித்தான் வித்தேன். அவர் பெண்சாதி அன்னிக்குத்தான் பெத்திருந்தா. அடுப்பு பத்தவே இல்லை. பச்சைப்பிள்ளை குளிரிலே விறைச்சே செத்துப்போச்சு. 'நீயும் கட்டையாவே கிட'ன்னுட்டார். ஒன்பது வருஷமாச்சு."

கோமு கட்டையை அடுப்புப் பக்கம் நீட்டினாள். "உன்னைத்தான் முதல்லே அடுப்பிலே வைக்கணும்" என்றாள். சொன்னாளே தவிர, வாயுள்ள ஜீவனை எரிக்க மனசு வரவில்லை. அடுப்பங்கரை மூலையில் சாத்தி வைத்தாள்.

மழை பிடித்தது. ஆறு பெருகி, புருஷன் அக்கரையிலேயே மாட்டிக்கொண்டான். சந்தைக்குப் போகும் பாதையும் அடித்துக்கொண்டு போயிற்று. கார்த்திகையில் விறகு பாதியானது. ஒரு நாள் தூக்கக் கலக்கத்தில் கோமுவின் கை மூலைக்குப் போயிற்று. "வேண்டாம் தாயி" என்றது கட்டை. வேறு விறகை எடுத்துக்கொண்டாள்.

மார்கழியில் ஒரு கை விறகுதான் மிச்சம். மறுபடி கை போயிற்று. "வேண்டாம் தாயி" என்றது கட்டை, இந்தத் தடவை மெதுவாக. கோமு உலக்கையை எரித்தாள். மணைப்பலகையை எரித்தாள். அக்கம்பக்கத்தில் போய்க் கேட்டாள். அவர்களும் கதவைக் கழற்றி எரித்துக்கொண்டிருந்தார்கள், பாவம்.

தை பிறக்க இன்னும் மூன்றே நாள். அடுப்பில் கங்கு மட்டும் கிடந்தது. பிள்ளையின் பாதம் சில்லிட்டுவிட்டது. பால் குடிக்கவில்லை, அழக்கூட இல்லை. கோமு மூலையைப் பார்த்தாள். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"தாயி, என்னை வை" என்றது கட்டை.

"நீ சும்மா இரு."

"சாகப்போற பிள்ளை அழாது தாயி. என்னை வை."

"உனக்கு வலிக்குமே. பயமா இல்லையா?"

"பயமாத்தான் இருக்கு. அதான், சீக்கிரம் வைங்கிறேன்."

கோமு கட்டையை இரண்டு கையாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "என் பிள்ளை உசிரு உன்னாலேதான். இதை நான் மறக்கமாட்டேன்" என்று அழுதுகொண்டே அடுப்பில் வைத்தாள்.

புகையே வரவில்லை. ஒரு நாள் எரிந்தது, இரண்டு நாள் எரிந்தது, மூன்று நாள் எரிந்தது. பிள்ளையின் பாதம் சூடேறிற்று. பால் குடித்தது.

தை முதல் நாள் வெயில் வாசலில் வந்து விழுந்தபோது, அடுப்பில் சாம்பல்தான் இருந்தது. கோமு அதன் முன்னால் உட்கார்ந்து கும்பிட்டாள். அப்போது சாம்பல் அசைந்தது. 'அச்' என்று ஒரு தும்மல். உடம்பெல்லாம் சாம்பலாக ஒரு மனுஷன் எழுந்து உட்கார்ந்தான். நல்லவேளை, கோமு சட்டென்று ஒரு போர்வையைத் தூக்கி வீசினாள்.

போர்வையைச் சுற்றிக்கொண்ட மருதப்பன் தன் கையைப் பார்க்கவில்லை, காலைப் பார்க்கவில்லை. "பிள்ளை?" என்றான்.

"நீயே பாரு அண்ணே" என்று கோமு குழந்தையைத் தூக்கி அவன் மடியில் போட்டாள்.

சாம்பல் மூக்கில் ஏறியதோ என்னவோ, அது வீல் என்று ஊரைக் கூட்டி அழுதது. மருதப்பனுக்குக் கண்ணீர் கொட்டிற்று. "அழு கண்ணு, இன்னும் நல்லா அழு" என்றான்.

அவர்கள் வீட்டில் பொங்கல் பொங்கிவிட்டது. நம் வீட்டில் சோறு ஆறிக்கொண்டிருக்கிறது, எழுந்திருங்கள்.