முட்டைக்குள் ஒரு காலி அறை

அந்தக் காலத்தில் கோழி முட்டைக்கு ஓடு கிடையாது. பாம்பு முட்டைக்கு இருப்பதுபோல ஒரு தோல்தான். அமுக்கினால் அமுங்கும், எறும்பு கடித்தால் ஒழுகும்.

ஓடைக்கரையில் செவலைச்சி என்றொரு கோழி இருந்தாள். வாய்க்காரி, ரோஷக்காரி. இரண்டு ஈடு முட்டையை எறும்புக்குப் பறிகொடுத்தபின் அவளுக்குப் பொறுமை போய்விட்டது. நேரே ஓடைக்குள் இறங்கிச் சுண்ணாம்புப் பாறையிடம் போனாள்.

"கல்லண்ணே, என் முட்டைக்கு ஒரு சட்டை குடேன். எறும்புப் பல்லு இறங்கக் கூடாது."

"என் பொடியைக் கொத்தித் தின்னு. உன் வயித்துக்குள்ளயே சட்டை தயாராயிடும். ஆனா ஒண்ணு, எனக்குச் சுவரு வைக்கத்தான் தெரியும், வாசல் வைக்கத் தெரியாது."

"வாசல் இருந்தாத்தானே திருடன் வருவான்! வேண்டவே வேண்டாம்," என்றாள் செவலைச்சி.

பொடியைத் தின்று அந்த முறை அவள் இட்டது பன்னிரண்டு முட்டை, எல்லாவற்றுக்கும் கல் ஓடு. பிள்ளைகளுக்கு ஒரு குறையும் வரக் கூடாது என்று மஞ்சள் கருவையும் வெள்ளைக் கருவையும் மூலை முடுக்கெல்லாம் நிரப்பியிருந்தாள். எறும்புகள் வந்து கடித்துப் பார்த்துவிட்டு வாய் வலியோடு திரும்பின. அந்த வழியாகப் போன காடை, கௌதாரி ஒன்றுவிடாமல் கூப்பிட்டு உட்காரவைத்து அவள் தன் பெருமையைச் சொன்னாள். அவையும் வேறு வழியில்லாமல் கேட்டன.

இருபத்தோராம் நாள் வந்தது. ஒரு முட்டையும் அசையவில்லை. இருபத்திரண்டும் போயிற்று. இருபத்துமூன்றாம் நாள் காலையில் மனம் கேட்காமல் அவளே ஒன்றைக் கொத்தி உடைத்தாள்.

உள்ளே குஞ்சு முழுசாக இருந்தது. அலகு இருந்தது, மஞ்சள் தூவி இருந்தது, கால் நகம்கூட முளைத்திருந்தது. உயிர் மட்டும் இல்லை. பன்னிரண்டும் அப்படித்தான். செவலைச்சி அன்று அழுத அழுகையில் ஓடைக்கரை மரங்களில் ஒரு பறவையும் பாடவில்லை.

நாலு நாள் அவள் சரியாக இரை எடுக்கவில்லை. ஐந்தாம் நாள் ஒற்றை முட்டை ஒன்று இட்டாள். பார்க்கவே பயமாக இருந்தது. இதுவும் போனால் இனி ஆயுசில் அடை உட்கார்வதில்லை என்று முடிவு செய்துவிட்டாள். அப்போது காற்று அந்தப் பக்கம் வந்தது. அவளுக்குக் கோபம் பொங்கியது.

"ஊருக்கெல்லாம் மூச்சு குடுக்கறியே, என் பிள்ளைங்க மட்டும் உனக்கு என்ன பாவம் செஞ்சுது?"

"தினமும் வந்து தட்டினேன் தாயி," என்றது காற்று. "நீ இடுக்கே இல்லாம கட்டி வெச்சிருக்கே, எப்படி நுழையறது? குஞ்சு கேட்டது தீனியில்லே, மூச்சு. அதோ அந்தக் கரையான் புத்தைப் பாரு. உள்ளே லட்சம் பேரு, ஒரு ஜன்னல் கிடையாது. நான் தினம் போயிட்டுத்தான் வர்றேன். அங்க போய்க் கேளு."

செவலைச்சி தயங்கினாள். போன மழைக்கு அதே புற்று வாசலில் நின்றுதான் அவள் ஈசலை வயிறு முட்டத் தின்றிருந்தாள். ஆனாலும் பிள்ளை ஆசை யாரை விட்டது? முட்டையை உருட்டிக்கொண்டே போய்ப் புற்றுக்கு முன்னால் நின்றாள்.

"அக்கா..."

"யாரு? போன மழைக்கு என் பிள்ளைங்களைத் தின்னவளா?" உள்ளிருந்து கரையான் ராணியின் குரல் வந்தது. "இன்னிக்கு அக்கா முறை வந்துருச்சோ?"

செவலைச்சி மறைக்கவில்லை. நடந்ததையெல்லாம் சொன்னாள். பன்னிரண்டு அலகுகளைப் பற்றிச் சொல்லும்போது குரல் உடைந்தது. ராணியும் பெற்றவள்தானே.

"செஞ்சு தர்றேன். பதிலுக்கு நீ என்ன தருவே?"

"ஆயுசுக்கும் உங்களைத் தொடமாட்டேன்!"

"புளுகாதே. நடக்கிற காரியமாச் சொல்லு."

செவலைச்சி யோசித்தாள். "அடை உட்கார்ந்திருக்கிற இருபத்தோரு நாளும் உங்களைத் தேடி வரமாட்டேன். என் வயிறு காய்ஞ்சாலும் சரி."

"இது நம்புற மாதிரி இருக்கு," என்றாள் ராணி.

உடனே ஆயிரக்கணக்கில் கரையான்கள் வெளியே வந்து முட்டையை மொய்த்தன. நாலு நாள் பட்டினி கிடந்த கோழியின் மூக்குக்கு நேரே, கொழுத்த கரையான்கள் போவதும் வருவதுமாக இருந்தன. ஒன்று அவள் அலகின்மேலேயே ஏறி உட்கார்ந்து சாவகாசமாக மீசையைத் துடைத்தது. செவலைச்சிக்கு எச்சில் ஊறியது. கழுத்து தானாக முன்னே போயிற்று. ஒரு கொத்து கொத்தியிருந்தால் அத்தனையும் புற்றுக்குள் ஓடியிருக்கும், கதையும் அங்கேயே முடிந்திருக்கும். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பிறந்ததிலிருந்து அவ்வளவு நேரம் எதையும் கொத்தாமல் அவள் இருந்ததே இல்லை.

வெயில் தாழும்போது வேலை முடிந்தது. "எங்க வீட்டுச் சுவரு மாதிரியே செஞ்சாச்சு," என்றாள் ராணி. "ஓடு முழுக்கத் துளை, ஒண்ணும் உன் கண்ணுக்குத் தெரியாது. எறும்பு மீசைகூட நுழையாது. குஞ்சு விட்ட பழைய மூச்சு வெளியே வரும், புது மூச்சு உள்ளே போகும்."

காற்று ஆசையாக நுழையப் பார்த்தது. பிறகு தயங்கி நின்றது. "வழி இருக்கு, ஆனா எனக்கு உட்கார இடமில்லையே. வழிய வழிய நிரப்பி வெச்சிருக்கே. உள்ளே இருக்கிற தண்ணியில ஒரு மிடறு குடிச்சுக்கட்டுமா? அந்த இடத்துல நான் இருந்துக்கிறேன்."

"என் பிள்ளையோட பங்குலயா கை வைக்கிறே?" செவலைச்சி சிலிர்த்துக்கொண்டு முட்டையின்மேல் சிறகை விரித்தாள். தன் பிள்ளைக்கு ஒரு மூலையைக் காலியாக விடுவதா? எந்தத் தாய்க்கு மனசு வரும்? ஆனால் நிறைத்துக் கொடுத்து என்ன கண்டாள்? அந்தப் பன்னிரண்டும் கண்முன் வந்து நின்றன. மெல்லச் சிறகை விலக்கினாள்.

"குடிச்சுக்கோ."

காற்று அகன்ற முனை வழியாக ஒரு மிடறு குடித்துவிட்டு, அந்த இடத்தில் போய் அமர்ந்தது.

பிறகு இருபது நாள் செவலைச்சி அடையைவிட்டு எழுந்தது வாய் நனைக்க மட்டும்தான். புற்றுப் பக்கம் திரும்பவே இல்லை. இருபதாம் நாள் அவள் வயிற்றுக்கடியில் ஏதோ சத்தம். காதைத் தாழ்த்தினாள். உடையாத ஓட்டுக்குள் இருந்து, அந்தக் காலி அறைக்குள் அலகை நீட்டி முதல் மூச்சை இழுத்த குஞ்சு, "கீ" என்றது. செவலைச்சிக்கு உயிர் போய் உயிர் வந்தது. "இருக்கேன்டா, அம்மா இங்கதான் இருக்கேன்," என்று முட்டையோடு பேசிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் குஞ்சு வெளியே வந்தது. அதற்கடுத்த நாள் செவலைச்சி குஞ்சோடு புற்றுக்கு வந்து, "வாக்கு நேத்தோட முடிஞ்சுது அக்கா," என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் நிலத்தைக் கீறினாள்.

"தெரியும், தெரியும். எல்லாரும் உள்ளேதான் இருக்கோம்," என்றாள் ராணி.

அடைக்கோழி இரையை மறந்து கிடப்பது அந்த வாக்கினால்தான். அவித்த முட்டையை உரிக்கும்போது அகன்ற முனையில் ஒரு குழி தெரியுமே, அதைப் பார்த்துக் கோழி குறைத்துக் கொடுத்துவிட்டாள் என்று நினைக்காதீர்கள். மனசில்லாமல், பிள்ளைக்காக அவள் விட்டுக்கொடுத்த இடம் அது. அன்று முதல்தான் எந்தக் கோழிக்குஞ்சும் வெளியே வருவதற்கு முந்தின நாளே, ஓட்டுக்குள் இருந்தபடி தன் தாயைக் கூப்பிடுகிறது.