நின்ற நிமிஷங்கள்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. விரலில் ஊசி ஏறி, சரோஜினியின் மெஷின் ஆறு நிமிஷம் நின்றது. மேனேஜர் தண்டபாணி லைன் மொத்தத்தையும் நிறுத்தினார். நேரத்தை வீணாக்காதீர்கள் என்று முக்கால் மணி நேரம் கத்தினார், புண்ணியவான்.

முதலாளி வந்ததும் தண்டபாணி சூப்பர்வைசர் மரகதத்திடம் திரும்பினார். "இன்னைக்கு வேலையை அதிகமா நிறுத்துனது யாருன்னு நோட்டுல எழுது. நாளைக்கு அந்த ஆள் இங்க இருக்கக் கூடாது."

மரகதம் எழுதி முதலாளியிடம் நீட்டினாள். அவர் உரக்க வாசித்தார். "சரோஜினி, ஆறு நிமிஷம். தண்டபாணி, நாற்பத்தஞ்சு நிமிஷம்."

"என்ன திமிரு இது?" என்றார் தண்டபாணி.

"நீங்க கேட்டதைத்தானுங்க சார் எழுதினேன்."

முதலாளி நோட்டை மூடினார்.

மறுநாள் சரோஜினி விரலில் கட்டோடு வந்தாள். தண்டபாணியும் வந்தார். நோட்டைத்தான் காணோம்.