எல்லாருக்கும் முதலிடம் கொடுத்த மைதானம்

முன்னொரு காலத்தில், நடுவில் ஓர் ஆறு ஓடிய பாவத்துக்காக வடகரை, தென்கரை என்று இரண்டாகப் பிரிந்து கிடந்த தலைநகரம் ஒன்று இருந்தது. ஆற்றின் நடுவே ஒரு தீவு. தீவில் அரண்மனை. அங்கே செங்கமலவர்மன் என்ற ராஜா அரசாண்டு வந்தார். தங்கமான மனிதர். ஆனால் யார் வந்து எதைக் கேட்டாலும் "ஆகட்டும்" என்று சொல்லிவிடும் வியாதி அவருக்கு உண்டு. அரண்மனை வைத்தியர் எத்தனையோ கஷாயம் கொடுத்துப் பார்த்தார். ராஜா எல்லாக் கஷாயத்துக்கும் "ஆகட்டும்" என்றாரே தவிர வியாதி தீரவில்லை.

இரு கரை மக்களுக்கும் கால்பந்து என்றால் உயிர். இரண்டு மூங்கில் கம்பங்களை நட்டு, அதற்குள் தோல்பந்தை உதைத்துத் தள்ளுவதற்காகச் சோறு தண்ணீரை மறந்துவிடுவார்கள். ஆனால் வடகரை அணி தென்கரை மண்ணில் கால் வைக்காது. அடுத்தவன் வாசலில் போய் ஆடுவது கௌரவக் குறைச்சலாம். தென்கரைக்கும் அதே கௌரவம் இருந்தது. ஆகவே பௌர்ணமிதோறும் வடகரை அணி வடகரையிலும், தென்கரை அணி தென்கரையிலும், எதிரியே இல்லாமல் ஆடி, அமோகமாக வெற்றி பெற்று, மேளதாளத்தோடு ஊர்வலம் போயின. தலைமுறை தலைமுறையாக இரண்டு அணியுமே தோற்றது கிடையாது.

வென்ற அணிக்கு ராஜா நேரில் போய் மாலை போட வேண்டும். வென்றது இரண்டு அணியும் என்பதால் இரண்டு கரைக்கும் படகில் போக வேண்டும். ராஜாவுக்கோ படகைக் கண்டாலே தலை சுற்றும். ஒரு பௌர்ணமியன்று வடகரைத் தலைவனுக்குப் போட வேண்டிய மாலையிலேயே வாந்தி எடுத்துவிட்டார். மறுநாள் காலை சபை கூடியதும் அவர் போட்ட முதல் உத்தரவு இதுதான்: அரண்மனைக்குப் பின்னால் இருக்கும் யானைத் திடலில் இரு கரைக்கும் பொதுவாக ஒரே மைதானம் கட்ட வேண்டும். இனிமேல் ராஜா படகில் ஏற மாட்டார்.

தலைமைத் தச்சர் நாகலிங்க ஆசாரி ஒரு பெரிய துணியில் மைதானத்தை வரைந்து கொண்டுவந்தார். அன்றிலிருந்து அவருக்குச் சனி பிடித்தது. மாலை வெயில் முதுகில் விழும்படி மேற்குப் பக்கம்தான் உட்காருவோம் என்று வடகரைக்காரர்கள் ஒற்றைக் காலில் நின்றார்கள். தென்கரைக்காரர்களும் அதே மேற்கில் நின்றார்கள். வாசல் கிழக்கு பார்த்து இருக்க வேண்டும் என்பதில் மட்டும் இருவரும் ஒன்றுபட்டார்கள். ஆனால் அந்த வாசலில் முதல் அடி எடுத்து வைப்பது யார் என்றதும் செருப்பைக் கழற்றிவிட்டார்கள். துணி கிழியும் அளவுக்கு அழித்து அழித்து வரைந்த ஆசாரி, காசிக்குப் போவதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

சபையில் உலகப்பன் என்றொரு விகடகவி இருந்தான். தென்கரையில் பிறந்து வடகரையில் பெண் எடுத்தவன். அதனால் இரண்டு கரையும் அவனை ஏற்றத்தாழ்வு இல்லாமல் திட்டும். அவன் துணியை வாங்கிப் பார்த்துவிட்டுக் கிழக்குப் பக்கத்து இருக்கைகளை எல்லாம் கையால் அழித்தான். எல்லாருமே மேற்கில் உட்காரட்டும், நடுவில் ராஜா, அவருக்கு வடக்கே வடகரை, தெற்கே தென்கரை என்றான். கிழக்கு மதிலில் அடுத்தடுத்து இரண்டு வாசல் வரைந்தான். அவரவர் வாசலில் அவரவரே முதல் அடி வைப்பார்கள் என்றான். பாதி மொட்டையடித்த தலையில் மூக்குத் துவாரம் வைத்தது போல இருக்கிறது என்று ஆசாரி முணுமுணுத்தார். ஆனால் இரு கரையும் ஒப்புக்கொண்டுவிட்டன. ராஜா மகிழ்ந்துபோய், கட்டி முடிக்கும் பொறுப்பையும் உலகப்பனிடமே கொடுத்துவிட்டார்.

இது மூன்று பேருக்கு வயிற்றெரிச்சலைக் கிளப்பியது. ஒருவர் பிரதானி தாண்டவராயர். இன்னொருவர் யானைப்படைத் தளபதி கோட்டைமுத்து. மூன்றாமவர் ராணியின் தம்பி சிங்காரவேலர். அவர் ராட்சச ராஜா வேடம் கட்டிக் கூத்தாடுவார், மைத்துனர் என்பதால் ராஜாவும் உட்கார்ந்து பார்த்தாக வேண்டும். கோமாளிக்குக் கோட்டை கட்டும் வேலையா என்று மூவரும் கூடிக் கூடிப் பேசினார்கள். மறுநாள் சபையில் பிரதானி எழுந்தார்.

"மகாராஜா, இவ்வளவு பெரிய மைதானம் வெறும் பந்துக்குத்தானா? அடியேன் தலைமையில் நடக்கும் தெப்பத் திருவிழாவையும் அங்கேயே நடத்தலாமே" என்றார்.

"ஆகட்டும்" என்றார் ராஜா.

யானைப்போரையும் அங்கேயே வைக்கலாம் என்றார் தளபதி. அதுவும் ஆகட்டும். என் கூத்தும் அங்கேதான் என்றார் மைத்துனர். அதற்கும் ஆகட்டும். அந்த ஆண்டு திறப்பு விழாவுக்கு ஏற்ற முகூர்த்தம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்று சோதிடர் கணித்துச் சொன்னார். அந்த முகூர்த்தத்தில் தலையில் பரிவட்டம் கட்டி முதல் மரியாதை வாங்குவது யார் என்று பேச்சு வந்தது. வந்ததும் மூவரும் மார்பை நிமிர்த்திக்கொண்டார்கள். இரண்டாவதாக வாங்குவதைவிட நஞ்சு குடிக்கலாம் என்றார் தளபதி. அப்போதுதான் பிரதானி வெண்ணெய் தடவிய குரலில் கண்ணியை வைத்தார்.

"நமக்குள் ஏன் மனக்கசப்பு? கரைச் சண்டையையே தீர்த்த உலகப்பனார் இருக்கிறார். பந்து, தெப்பம், யானை, கூத்து, இதில் எதற்கும் இரண்டாம் இடம் வராமல் அவர் நடத்திக் காட்டட்டும். யாராவது ஒருவர் இரண்டாவதாகப் போனால், உலகப்பனார் குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போகட்டும்."

"ஆகட்டும்" என்று சொல்லிவிட்டுத்தான் ராஜா யோசித்தார். யோசித்ததும் முகம் வாடிவிட்டது. ஆனால் ராஜா சொன்ன சொல் சொன்னதுதான்.

உலகப்பன் சிரித்த முகமாகவே சபையை விட்டு வந்தான். வீட்டுக்கு வந்த பிறகுதான் அவன் சிரிப்பு நின்றது. ஊரைச் சிரிக்க வைத்துப் பிழைக்கிறவனுக்கு அந்த ஊரை விட்டால் வேறு என்ன இருக்கிறது? உண்மையாகவே பயந்துபோனான். மனைவி பேச்சியம்மாளிடம் நடந்ததைச் சொன்னான். அவள் பாத்திரங்களைக் கட்டிவைக்கத் தொடங்கினாள்.

"ஏங்க, நாட்ட விட்டுப் போறதுன்னா எந்தக் கரை வழியாப் போறது? எங்கம்மா வீட்டு வாசல் வழியா மட்டும் கூட்டிட்டுப் போயிடாதீங்க. எங்க மதினி சிரிச்சே செத்துருவா" என்றாள்.

"ஒரு வழியாவும் போக மாட்டோம். அவங்க எல்லாருமே முதல்ல வரட்டும். வந்து பாக்கட்டும்" என்றான் உலகப்பன்.

வேலை தொடங்கியது. ராஜாவின் வியாதி உலகப்பனையும் தொற்றிக்கொண்டது. தெப்பத்துக்கு மைதானத்தைத் தாழ்வாகத் தோண்ட வேண்டும், ஆற்றிலிருந்து தண்ணீர் வர மேல் மதகும், வடியக் கீழ் மதகும் வேண்டும் என்றார் பிரதானி. தோண்டினான், மதகு வைத்தான். யானைகள் இறங்கச் சரிவுப் பாதை கேட்டார் தளபதி. போட்டுக் கொடுத்தான். நட்டநடுவில் கூத்து மேடை கேட்டார் மைத்துனர். கட்டிக் கொடுத்தான். இத்தனைக்கும் நடுவில் பந்தை எங்கே ஆடுவார்கள் என்று கேட்டார் ஆசாரி. மிச்சம் இருக்கிற இடத்தில் என்றான் உலகப்பன். ஆசாரி சுற்றிப் பார்த்துவிட்டு, காசிக்குப் போகும் வழியை மறுபடியும் விசாரிக்க ஆரம்பித்தார்.

திறப்பு விழா வந்தது. மேற்குப் படிகள் இரு கரை மக்களால் நிரம்பி வழிந்தன. வறண்ட தரையில் பூ அலங்காரத்தோடு தெப்பம் நின்றது. அதன்மேல் தட்டில் விளக்கேற்றிக்கொண்டு பிரதானி. சரிவில் இரண்டு யானைகள், ஒன்றின்மேல் தளபதி. மேடையில் கோபுரம் மாதிரி கிரீடமும் தோளில் மரப்பட்டைப் புஜகீர்த்தியுமாக மைத்துனர். கிழக்கு வாசல் ஒவ்வொன்றிலும் ஓர் அணி. சோதிடர் கையைத் தூக்கினார். ஒரே நொடியில் ஆளுக்கொரு பட்டர் ஆளுக்கொரு பரிவட்டத்தைக் கட்டினார். சங்கு முழங்கிற்று. மதகு திறந்தது. எல்லாமே முதலாவதாகத் தொடங்கிற்று.

தண்ணீர் முழங்கால் அளவுக்கு வந்து நின்றது. தெப்பம் மிதக்கவும் இல்லை, தரையில் நிற்கவும் இல்லை. ஒரு பக்கம் சாய்ந்து மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தது. கோடை வெயிலில் காய்ந்திருந்த யானைகள் தண்ணீரைக் கண்டதும் போராவது ஒன்றாவது, சுகமாகப் படுத்துவிட்டன. தளபதி சறுக்கி, இடுப்பு முழுக்கச் சேற்றில் உட்கார்ந்தார். ஒரு யானை துதிக்கை நிறையத் தண்ணீரை இழுத்துப் பிரதானியின் விளக்குத் தட்டின்மேல் ஊதியது. "எனக்கு எதிரே நிற்கத் துணிந்தவன் எவன்?" என்று மைத்துனர் மேடையில் கர்ஜித்த சமயத்தில் வடகரை உதைத்த பந்து வந்து அவர் கிரீடத்தைத் தட்டிக்கொண்டு போயிற்று. தண்ணீரில் கிரீடம் எது, பந்து எது என்று யாருக்குத் தெரிகிறது? தென்கரை அணி கிரீடத்தைக் கம்பத்துக்குள் தள்ளிவிட்டுக் குதித்தது. கிரீடம் செல்லாது என்று வடகரை அணி நியாயம் கேட்டது. ராஜா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

உலகப்பன் கிழக்கு மதிலின்மேல் குடை பிடித்து உட்கார்ந்திருந்தான். சேற்றில் நடந்து வந்த தளபதி அவனைக் கூப்பிட்டு, யானைப்போர் நாளைக்கு இருக்கட்டும், மதகை மூடு என்றார்.

"அப்படிச் சொல்லலாமா தளபதியாரே? நாளைக்கு என்றால் தாங்கள் இரண்டாவதாக ஆகிவிடுவீர்கள். நான் நாட்டை விட்டுப் போக வேண்டும். தயவுசெய்து முதலாவதாகவே இருங்கள்" என்றான் உலகப்பன்.

யானை ஊதிய தண்ணீரில் புஜகீர்த்தி ஊறிக் கனத்துவிட்ட மைத்துனர், தான் அடுத்த வாரம் ஆடிக்கொள்வதாக மேடையிலிருந்து கெஞ்சினார். அவருக்கும் அதே மரியாதையோடு அதே பதில்தான் கிடைத்தது. இதற்குள் பிரதானியின் தெப்பம் சுற்றிக்கொண்டே யானையின் முதுகருகே போய்விட்டது. யானை தெப்பத்துப் பூமாலைகளைத் தின்ன ஆரம்பித்தது. மாலைகள் தீர்ந்ததும் பிரதானியின் பரிவட்டத்தை முகர்ந்து பார்த்தது.

"மகாராஜா, அந்த உத்தரவை ரத்து செய்யுங்கள்" என்று பிரதானி அலறினார். "எனக்கு இரண்டாம் இடம் போதும். மூன்றாம் இடமும் போதும்."

மற்ற இருவரும் அதையே சொன்னார்கள். ஊரே கேட்க, அவரவர் வாயாலேயே சொன்னார்கள். ராஜா உத்தரவை ரத்து செய்தார். உலகப்பன் குடையை மடக்கினான். மேல் மதகு மூடி, கீழ் மதகு திறந்து, தண்ணீர் வடிந்தது. படிகளில் உட்கார்ந்திருந்த பேச்சியம்மாளுக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்திலிருந்த மதினியிடம் கண்ணில் தூசி என்றாள்.

சரி, இனி எந்த வரிசையில் நடத்துவது என்று ராஜா கேட்டார். அங்கேதான் புதிய வினை முளைத்தது. தெப்பம் எல்லாவற்றுக்கும் கடைசியில் நடப்பதுதான் சாஸ்திரம் என்றார் பிரதானி. கடைசி வரை களத்தில் நிற்பவன்தான் வீரன், ஆகவே கடைசி யானைப்போர்தான் என்றார் தளபதி. பெரிய வேடக்காரன் கடைசியில்தான் திரை விலக்கி வருவான் என்றார் மைத்துனர். கடைசி இடத்துக்காக மூவரும் சேறு சொட்டச் சொட்டச் சண்டை போட்டார்கள். முதலிடத்தை யாருமே கேட்காததால் அது பந்துக்குக் கிடைத்தது.

ஈரத் தரையில் ஆட்டம் நடந்தது. தென்கரை வென்றது. அதாவது வடகரை தோற்றது. தோற்று யாருக்கும் பழக்கமில்லை. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரியாமல் வடகரை அணி அப்படியே நின்றது. தோற்றவர்களைக் கண்ணால் கண்டிராத தென்கரை அணியும் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றது. பிறகு தென்கரைத் தலைவன் ராஜா தனக்குப் போட்ட மாலையிலிருந்து பாதிப் பூவைப் பிய்த்து வடகரைத் தலைவன் கையில் கொடுத்து, அடுத்த பௌர்ணமிக்கும் வருவீர்கள் அல்லவா என்று கேட்டான். வராமல் எங்கே போவோம் என்றான் இவன்.

ராஜா தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி உலகப்பனைக் கூப்பிட்டார். உலகப்பன் பின்னால் நகர்ந்து கைகட்டி நின்றான்.

"மகாராஜா, ஆசாரியார் வாங்கட்டும். இரண்டு அணியும் வாங்கட்டும். பிரதானியார், தளபதியார், மைத்துனர் எல்லாரும் வாங்கட்டும். எல்லாரும் வாங்கிய பிறகு, அடியேன் கடைசியாக வாங்கிக்கொள்கிறேன்."

எவ்வளவு அடக்கம் என்று சபை மெச்சியது. மூன்று பேருக்கு மட்டும் மூக்கில் வியர்த்தது. இவ்வளவு நேரம் எந்த இடத்துக்காகக் கட்டிப் புரண்டார்களோ, அந்த இடத்தில் கோமாளி போய் நின்றுவிட்டான் என்று அவர்களுக்கு அப்போதுதான் உறைத்தது. அவர்கள் முகத்தைப் பார்த்த ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, ஆசனத்திலிருந்து நழுவும் வரை சிரித்தார். சிரித்து முடித்து, முத்துமாலையை உலகப்பன் கழுத்தில் போட்டு, இனி இந்த நாட்டில் கடைசி மரியாதை உலகப்பனுக்கும் அவன் சந்ததிக்குமே உரியது என்று சாசனம் எழுதச் சொன்னார்.

அன்று சாயங்காலமே பிரதானியும் தளபதியும் மைத்துனரும் ஈரத்துணியோடு அரண்மனை வாசலில் வந்து நின்றார்கள். கடைசிக்கு முந்திய இடம் யாருக்கு என்று தெரிய வேண்டுமாம்.