பதினோராயிரம் வோல்ட்

"நான் ஒரு வார்த்தைகூடக் கூட்டிச் சொல்லலை மேடம். மேலே இருந்து வந்ததை அப்படியே சொன்னேன். அது தப்பா?"

துரைக்கண்ணு இப்படிக் கேட்டபோது எழிலரசி மின் அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

வேடசந்தூருக்குப் பக்கத்தில் ஒரு நூற்பாலை. எழிலரசி அங்கே மின் பொறியாளர். புதிதாக சூப்பர்வைசர் ஆகிறவர்கள் ஒரு மாதம் அவரிடம் பாடம் கேட்க வேண்டும். துரைக்கண்ணு அவரைவிடப் பதினாலு வயது மூத்தவன். இருபத்திரண்டு வருஷம் மிஷினில் நின்றுவிட்டு, போன வாரம்தான் சூப்பர்வைசர் ஆனான்.

அன்று காலை முதலாளி அவனை ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டு, உற்பத்தி குறைந்ததற்காகக் காது கூசும்படி ஏசினார். அதே வார்த்தைகளைக் கொண்டுபோய் அவன் தன் ஆட்களிடம் இறக்கினான்.

மிஷின் ஓட்டும் பேச்சியம்மா தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டு வெளியே போனாள். பின்னாலேயே ஆறு பேர் போனார்கள். கேட் அருகே வேப்பமரத்தடியில் உட்கார்ந்தவர்கள் இன்னும் எழுந்திருக்கவில்லை.

எழிலரசி டம்ளரை வைத்தார்.

"வாங்கண்ணே."

வெளியே கம்பி வேலிக்குள் டிரான்ஸ்ஃபார்மர் நின்றது.

"வர்ற லைன்ல எவ்வளவு?"

"பதினோராயிரம் வோல்ட்."

"உங்க மிஷினுக்கு?"

"நானூத்திச் சொச்சம்."

"அப்படியே குடுத்தா?"

"மோட்டார் கருகிடும்."

மின்சாரம் புறப்படும் சப்ஸ்டேஷனிலிருந்தே குறைத்து அனுப்பினால் என்ன என்று முதல் நாளே அவன் கேட்டிருந்தான். குறைத்து அனுப்பினால் வழியெல்லாம் கம்பி சூடாகி மின்சாரம் வீணாகும், தூரத்திலிருந்து வருவது அந்த அழுத்தத்தோடுதான் வர முடியும் என்று அவர் சொல்லியிருந்தார்.

இன்று எதுவும் விளக்கவில்லை. வேலியோரம் நிற்கச் சொன்னார்.

டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு மடிப்புகளிலிருந்து வெக்கை முகத்தில் அடித்தது. உள்ளே இருக்கும் எண்ணெயின் சூட்டைக் காட்டும் முள் அறுபத்தைந்து டிகிரியைத் தாண்டியிருந்தது.

"இது ஒரு நூல்கூட நூற்கலையே மேடம். இதுக்கு ஏன் இவ்வளவு சூடு?"

"நடுவுல நிக்குதில்ல."

அவர் டீயை முடிக்க உள்ளே போய்விட்டார்.

துரைக்கண்ணு அங்கேயே நின்றான். அந்தோணிசாமி ஞாபகம் வந்தது. போன மாதம் ஓய்வு பெற்ற சூப்பர்வைசர். ஆபீஸ் அறையிலிருந்து வந்ததும் நேராகக் குழாயடிக்குப் போய் முகம் கழுவுவார். பிறகு உள்ளே வந்து, மூணாம் மிஷின்ல நூல் அறுந்துக்கிட்டே இருக்கு, கொஞ்சம் பார்ப்பமா என்பார். அவ்வளவுதான். மனுஷனுக்கு அடிக்கடி முகம் கழுவுகிற பழக்கம் என்றே அவன் இத்தனை வருஷமும் நினைத்திருந்தான்.

வேப்பமரத்தடிக்குப் போனான். அவர்களுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான்.

"தப்பு என்னுது" என்றான்.

பேச்சியம்மா சேலையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். மற்றவர்களும் எழுந்தார்கள்.

ஷிஃப்ட் முடிந்ததும் துரைக்கண்ணு அந்தோணிசாமி வீட்டுக்கு வண்டியை விட்டான். அவர் வாசலில் முருங்கைக்காய் பறித்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா இந்தப் பக்கம்?"

"சும்மாதாண்ணே."

அவர் அவன் முகத்தைப் பார்த்தார்.

"ஆபீசுக்குள்ள போனியாக்கும்."

"போனேண்ணே. இருபத்திரண்டு வருஷம். உள்ளே நீங்க வாங்கினது எங்களுக்குத் தெரியவே இல்லையேண்ணே."

அந்தோணிசாமி பறித்ததில் பாதியை அவன் கையில் கொடுத்தார்.

"தெரிஞ்சிருந்தா நான் என்ன சூப்பர்வைசர்?"